மாலை போட்ட என் முகம்

போன மாதம் என் மகள் நீலாவதி ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நல்ல கனம். வழவழவென்று தாள். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, "அப்பா, இது யாருன்னு பாருங்க" என்றாள்.

பார்த்தேன். நான்தான். வாலிப வயதில் இருந்த நான்.

கீழே இங்கிலீஷில் இருந்ததை அவளே படித்துச் சொன்னாள். ஓவியர் ஹாரூத், ஆர்மீனிய இனத்தவர். பாரசீகத்தில் பிறந்தவர், சிங்கப்பூரில் வளர்ந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கியிருந்தபோது, ஆசிரியர் யாரும் இல்லாமல் தானாகவே ஓவியம் கற்றுக்கொண்டார். இந்தப் படம் அந்தக் காலத்தது. 'பெயர் தெரியாத தொழிலாளி.'

தானாகவேயாம். பெயர் தெரியாதாம். என் பெயர் மாயாண்டி. அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அச்சில் வருவதை நான் நம்புகிறவன் இல்லை. எனக்கு மூன்றாம் வகுப்புத் தமிழ்தான். நடந்ததை எழுத அது போதும்.

எங்கள் தோட்டம் லாபு பக்கம். வெள்ளைக்காரத் தொரை பங்களாவைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார். அந்த பங்களாவில் ஒரு ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்தான். ரப்பர் வாங்க ஆள் இல்லை. பால்மரத்தைப் பாதி வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டோம். மூன்று வேளையும் கிழங்கு.

அப்போது தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியார் சிவசிதம்பரம் ஒரு பையனைக் கூட்டிவந்தார். பையன் என்றால் வயது இருபது இருக்கும், என்னைவிடக் கொஞ்சம் சின்னவன். வெள்ளைத் தோல், கத்தி மாதிரி மூக்கு, நடுவில் ஒட்டிக்கொண்ட புருவம். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். வெள்ளைக்காரனை ஒளித்து வைத்தால் எங்கள் தலை அல்லவா போகும்?

கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேச்சில் அதட்டினார். "உவன் வெள்ளைக்காரன் இல்லை. என்ர சிநேகிதன்ர மகன், ஆர்மீனியன். கையில பாரசீகப் பிரஜை எண்டு கடுதாசி இருக்கு, ஜப்பான்காரனே பாத்துட்டு விட்டவன். நீங்கள் கண்டபடி கதைக்காதேங்கோ."

ஆர்மீனியா எங்கே இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கலப்பு வெள்ளைக்காரர்களைச் சொல்வதுபோல லயத்தில் அவனைச் சட்டைக்காரன் என்றோம். பெயர் சொல்கிறவர்கள் ஆரூத்து என்றார்கள்.

அவன் கடைத்தெருவில் பேசுகிற பசார் மலாயில் பேசுவான். போகப்போக எங்கள் தமிழும் ஒட்டிக்கொண்டது. அவன் அப்பா சிங்கப்பூரில் சொந்த ஜாதிக்காரர் கடையில் கணக்குப்பிள்ளை. பிரிட்டிஷ் பிரஜை என்று கடுதாசி வாங்கியிருந்ததால் அவரை மட்டும் ஜப்பான்காரன் சிறையில் போட்டான். பிறந்த ஊரில் அவர்கள் கோயில் சுவர் முழுக்க, கூரைவரை, படமாம். சின்ன வயதில் பூசை நடக்கும்போது இவன் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பானாம். சிங்கப்பூருக்கு வந்தபின் கடையில் சாமான் சுற்றும் தாளில் முகமாக வரைந்து, அப்பாவிடம் அறை வாங்கினானாம். ஒரு வாத்தியாரிடமும் போனதில்லை. இதெல்லாம் அவன் சொன்னது. உண்மையா என்று யார் கண்டார்கள்?

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூத்து உண்டு. கூத்துக்கு முகம் எழுதுகிறவன் நான். எனக்கு முன்னால் வேறு ஒருவர், அவர் போனபின் நான். வேறு யாரும் என் தூரிகையைத் தொட முடியாது. மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் செந்தூரம், கறுப்புக்கு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வழித்தெடுத்த கரி. எல்லாம் கொட்டாங்கச்சியில் குழைத்து வைத்திருப்பேன்.

வேஷக்காரன் என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பேசக் கூடாது. கண்ணாடி பார்க்கக் கூடாது. புருவத்தில் வைத்த தூரிகை கன்னம் வந்து முடியும்வரை நான் மணிக்கட்டைத் தூக்கமாட்டேன், மூச்சும் விடமாட்டேன். அந்தக் கோட்டில்தான் ராஜா இருக்கிறார். கை நடுங்கினால் கோமாளி.

அந்த வருஷம் பொழுது சாயும் நேரத்தில் ராஜா வேஷத்துக்குத் தங்கராஜுவை உட்கார்த்தி வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. ஆரூத்து.

"அபாங், ஏன் மஞ்சள் முதல்ல?" மலாயில் அண்ணன் என்பதற்கு அபாங். என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போடா."

அவன் போகவில்லை. பேசக் கூடாத தங்கராஜு வாயைத் திறந்தான். "மாயாண்டி, இவன் என் மூஞ்சியப் பாக்கலடா. உன் கையைத்தான் முழுங்குற மாதிரி பாக்குறான். ராத்திரி கையை எண்ணிப் பாத்துட்டுப் படு."

"வாயை மூடு. மீசை கோணிடும்."

துண்டை எடுத்துக் கொட்டாங்கச்சிகளை மறைத்து வைத்தேன். கையை எப்படி மறைப்பது?

மறுநாள் காலையில் லயத்துச் சுவரில் கூட்டம். அடுப்புக்கரியால் தங்கராஜுவை வரைந்திருந்தான். பாதி முகம் ராஜா, பாதி முகம் கிழங்கு தின்று ஒட்டிப்போன தங்கராஜு. சிரித்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் தங்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். நான் பார்த்தது வேறு. புருவத்திலிருந்து கன்னத்துக்கு ஒரு கோடு, தூக்காமல் இழுத்திருந்தான். அது என் கோடு. எனக்கு அது கைக்குள் வர எத்தனையோ திருவிழா ஆயிற்று. அவனுக்கு ஒரு சாயங்காலம்.

என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். பஞ்சாலை என்று அவளுக்குப் பெயர். "அப்படியே இருக்குங்க" என்றாள்.

"போய்ச் சோத்தைப் போடு."

"சோறு எங்க இருக்கு? கிழங்குதான்."

என் கையால் எத்தனை ராஜா, எத்தனை ராணி வந்து போயிருப்பார்கள். அவள் ஒருநாளும் 'அப்படியே இருக்கு' என்று சொன்னதில்லை. நான் எழுதியதெல்லாம் விடிந்ததும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவது. அவன் எழுதியது சுவரில் இருந்தது. மழைவரை இருந்தது.

அதன்பிறகு சயாமுக்கு ஆள் பிடித்தார்கள், ரயில் பாதை போட. ஜப்பான்காரனுக்குப் போர்டு எழுத ஒரு ஆள் தோட்டத்தில் இருக்கலாம் என்று உத்தரவு. கிராணியார் ஆரூத்தைச் சொல்லிவிட்டார். நான் போய்க் கேட்டேன்.

"ஐயா, நானும் எழுதுறவன்தானே?"

"மாயாண்டி, நீ முகம் எழுதுறனி. இது எழுத்து எழுதுறது."

"அவனுக்கு மட்டும் ஜப்பான் எழுத்து தெரியுமா? பாத்துத்தான் எழுதப் போறான். நானும் பாத்து எழுதிட்டுப் போறேன்."

என்னை லாரியில் ஏற்றினார்கள். தங்கராஜுவும் அதே லாரியில். பஞ்சாலை ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஆரூத்து நின்றான். லாரி திரும்பும்வரை அவர்கள் இருவரையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொண்டே போனேன். சயாமில் என் கூட வந்தது அந்தப் பார்வைதான்.

சயாமைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. காலரா வந்து என்னை ஒரு கொட்டகையில் தூக்கிப் போட்டார்கள் என்பது மட்டும் இந்தக் கதைக்கு வேண்டும். அந்தக் கொட்டகைக்குள் போனவன் நடந்து வெளியே வருவதில்லை. நான் வந்தேன். ஆனால் அதற்குள் தங்கராஜுவை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் எனக்கு முன்னால் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டான்.

நான் தோட்டத்துக்குள் நொண்டிக்கொண்டு வந்தபோது ஜப்பான்காரன் இன்னும் பங்களாவில்தான் இருந்தான். பகல் நேரம். என் வீட்டுக் கதவு திறந்திருந்தது. எதிர்ச் சுவரில் ஒருவன் என்னைப் பார்த்தான்.

நல்ல கன்னம். அடர்ந்த மீசை. நெற்றியில் பொட்டு, கழுத்தில் செம்பருத்தி மாலை. முன்னால் ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது. தாளிக்க எண்ணெய் கிடைக்காத காலம் அது. அவனுக்கு விளக்கு!

பஞ்சாலை அடுப்படியிலிருந்து வந்தாள். கழுத்தில் தாலி இல்லை. நெற்றியில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தாள். அப்புறம் படத்தைப் பார்த்தாள். அப்புறம் திரும்ப என்னைப் பார்த்தாள். சரிபார்க்கிறாள்! அதன்பிறகுதான் கத்தினாள், தரையில் உட்கார்ந்தாள், என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாம் செய்தாள். முதலில் சரிபார்த்தாள் என்பதைத்தான் நான் சொல்கிறேன்.

தங்கராஜு ஓடிவந்தான். "உன்னைக் கொட்டாயில போட்டதை என் கண்ணால பாத்தேண்டா! அதுக்குள்ள போனவன் எவன் திரும்பினான்?"

"நான் திரும்பிட்டேன்."

"நீ எப்பவுமே இப்படித்தான். போட்ட இடத்துல கிடக்க மாட்டே." சொல்லிவிட்டு அவனும் அழுதான்.

அவன் சொன்னதை நம்பி எனக்குக் கருமாதி செய்துவிட்டார்கள். அதற்கு ஒரு படம் வேண்டியிருந்தது. நான் போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை. ஆரூத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

"அவனுக்கு என் முகம் தெரியுமே. இங்கயேதான் சுத்திக்கிட்டு இருந்தான்" என்றேன்.

"கேட்டேன்" என்றாள் பஞ்சாலை. "கையைத்தான் பாத்தேன்னு சொல்லிட்டான். கண்ணை மூடினா உங்க கை வருதாம், முகம் வரலியாம். அதான் நான் பக்கத்துல உட்காந்து சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"எப்படி இருப்பீங்கன்னு."

"எப்படி இருப்பேன்னு சொன்னே?"

"கஞ்சி ஆறுது. குடிங்க."

பக்கத்து வீட்டு மாரியம்மாவைத் தனியாகக் கேட்டேன். "கதவு தொறந்துதான் இருந்துச்சுண்ணே, நானும் கூடத்தான் இருந்தேன்" என்றாள். நான் எதற்குக் கேட்கிறேன் என்று தெரிந்துகொண்டாள், கெட்டிக்காரி. "அவன் போடுவான், பஞ்சாலை இது இல்லம்பா. அழிப்பான். திரும்பப் போடுவான். வாய் இப்படி இல்ல, கோபம் வந்தா ஒரு பக்கம் இறங்கும்பா. திரும்ப அழிப்பான். பாவம், ஒரு மத்தியானம் அவனே அழுதுட்டான். நல்லாத்தான் பழக்கினா அவனை."

ஆசிரியர் யாரும் இல்லை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.

தாள் கிடைக்காததால் கோணிச் சாக்கை இழுத்துக் கட்டி, ரப்பர் பாலும் கிழங்கு மாவும் கலந்து மேலே பூசிக் காயவைத்திருக்கிறான். நிறமும் பாலில் குழைத்ததுதான். நிறம் யாருடையது? என்னுடையது. நான் பரண்மேல் துணி சுற்றி வைத்துவிட்டுப் போன செந்தூரமும் அரிதாரமும். பஞ்சாலைதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அதுமட்டுமா? நான் இல்லாத திருவிழாவில் அவனே கூத்துக்கு முகம் எழுதியிருக்கிறான். "எப்படி எழுதினான்?" என்று தங்கராஜுவைக் கேட்டேன். அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "பரவால்ல" என்றான். நன்றாக எழுதியிருக்கிறான் என்று அர்த்தம்.

ஆரூத்து அன்று சாயங்காலமே வந்தான். வந்தவன் இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர். "அபாங், உயிரோட இருக்கீங்க" என்றான். அதை நான் நம்பினேன். ஆனால் அடுத்த மூச்சில், "கொஞ்சம் அசையாம இருங்க" என்று என் மூக்கையும் தாடையையும் உற்றுப் பார்த்தான். படத்துக்கும் எனக்கும் அவன் கண் போய்வந்தது. கையைத் தட்டிவிட்டேன்.

மாரியம்மன் கோயில் பூசை பண்ணும் ஊர்ப் பண்டாரம் சொல்லிவிட்டார். "கருமாதி முடிஞ்ச படம் வீட்டுல இருக்கையில அதே ஆளு தாலி கட்ட முடியாது. படத்தை ஆத்துல விட்டுக் கரைச்சிடு. நீயும் அதே தண்ணியில முழுக்குப் போட்டு எந்திரி. புதுசாப் பொறந்தவன் கணக்கு. அப்புறம் கட்டு."

பஞ்சாலை முடியாது என்றாள்.

"நான் அழுத படம் அது."

"நான்தான் உயிரோட வந்துட்டேனே."

"வந்துட்டீங்க. நான் வேணாம்னா சொன்னேன்? அதுவும் ஒரு ஓரமா இருக்கட்டும்."

அது இருந்தால் தாலி இல்லை. தாலி இல்லாமல் அவள் என் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. ஒரு அம்மாபோல எனக்குக் கஞ்சி ஊற்றினாள், கால் புண்ணுக்கு மருந்து கட்டினாள். பூவை மட்டும் அவனுக்கு வைத்தாள். சுவரில் இருந்தவனை நான் அவன் என்றுதான் சொல்வேன். எனக்குப் பல் இரண்டு போயிருந்தது, மீசை சீக்கில் உதிர்ந்திருந்தது, கன்னத்தில் கையை வைத்தால் எலும்பு. அவனுக்கு ஒரு குறையும் இல்லை. என் வீட்டில், என் சுவரில், என் நிறத்தைப் பூசிக்கொண்டு நிற்கிறான். என் மனைவி வாயால் சொல்லச் சொல்லப் பிறந்தவன். அவளுக்கு என்னைப் பற்றி அத்தனை தெரியும் என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வேறொருவனிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆரூத்தும் வந்து கேட்டான். "கரைக்காதீங்க அபாங். எனக்குக் குடுத்துடுங்க. அதுலதான் எனக்குக் கை வந்துச்சு."

"உனக்கு வந்தது என் கைடா."

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அதனால் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஒருநாள் அவள் படத்துக்கு மாலை மாற்றிக்கொண்டிருந்தபோது என் துணியை மூட்டை கட்டினேன். "அவனையே வச்சுக்க. செத்தவன் செத்தவனாவே போறேன்" என்று இறங்கி நடந்தேன். புண் காலோடு ஒருவன் எவ்வளவு தூரம் போய்விட முடியும்? மண் ரோட்டுப் பாலம்வரை போனேன். பின்னால் செருப்பில்லாமல் ஓடிவருகிற சத்தம்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க போறீங்க? பக்கத்து ஊரு புக்கிட் பெலண்டோக் போறதுக்குள்ள விழுந்துடுவீங்க." மூட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். "வாங்க. ஆத்துல விட்டுடலாம். ஆனா அவனும் வரணும். எழுதினவன் இல்லாம விடமாட்டேன்."

எல்லாரும் ஆற்றுக்குப் போனோம். பண்டாரம், தங்கராஜு, நான், பஞ்சாலை, கரையில் ஒதுங்கி ஆரூத்து. பண்டாரம் ஏதோ முணுமுணுத்தார். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, படத்தைக் குப்புறப் போட்டு அழுத்தினேன். கையை எடுத்தேன். அது புரண்டு, முகத்தை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது.

சின்ன வயதிலிருந்து பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவன் நான். ரப்பர் தண்ணீரில் கரையுமா? எனக்குத் தெரியாதா? பண்டாரத்துக்குத் தெரியாதா? ஒருவருக்கும் தோன்றவில்லை. கரைத்துவிடு என்றால் கரைந்துவிடும் என்று வந்துவிட்டோம். மாலை மட்டும் கழன்று முன்னால் போயிற்று. அதன் பின்னால் அவன், பொட்டுகூட அழியாமல், வானத்தைப் பார்த்துக்கொண்டு போனான்.

"முழுக்கை விடாத! போடு, போடு!" என்று பண்டாரம் கத்தினார். முழுகி எழுந்தேன். பஞ்சாலை கரையோரம் படத்தோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது முழுக்கு. ஆரூத்து சட்டையோடு குதித்துவிட்டான். மூன்றாவது முழுக்குப் போட்டு எழுந்தேன். புதிதாய்ப் பிறந்தவனைப் பார்க்க ஒரு ஆள் இல்லை. அத்தனை கண்ணும் அங்கே.

வளைவில் மூங்கில் வேரில் சிக்கிய படத்தை அவன் பிடித்துவிட்டான். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தான். தங்கராஜுவால் சும்மா இருக்க முடியவில்லை. "ரெண்டு தடவை அனுப்பியும் போக மாட்டேங்கிறியேடா மாயாண்டி!"

பண்டாரம் கொஞ்சம் யோசித்தார். அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். "ஆத்துல விட்டாச்சு. ஆறு வாங்கிக்கிடுச்சு. அவன் ஆத்துகிட்ட இருந்து எடுத்துக்கிட்டான். இனி அது உங்க வீட்டுப் படம் இல்ல."

"அப்போ எடுத்துக்கிட்டு இன்னிக்கே தோட்டத்தை விட்டுப் போயிடணும்" என்றேன். "என் கொட்டாங்கச்சி ஒண்ணுகூட அவன் கூடப் போகக் கூடாது."

அவன் பஞ்சாலையைப் பார்த்தான். அவள் படத்தை ஒருதரம் பார்த்தாள், புடவை முந்தானையால் அதன் முகத்தில் இருந்த தண்ணீரை ஒற்றினாள். பிறகு என்னிடம் வந்து, அதே முந்தானையை என் தலையில் போட்டுத் துவட்டினாள். அவன் அன்று மத்தியானமே போனான். கிராணியார் அவனைச் சிரம்பானில் ஒரு போர்டுக் கடையில் சேர்த்துவிட்டு, என்னோடு வெகுநாள் பேசவில்லை. ஜப்பான்காரன் சண்டை முடிந்தபின் ஆரூத்து சிங்கப்பூர் போனான், அங்கிருந்து எங்கெங்கோ போய் ஓவியன் ஆனான். போகட்டும்.

அன்று சாயங்காலம் மாரியம்மன் சன்னிதியில் மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு நின்றேன். தாலி கட்டும்போது பெண் தலையைக் குனிந்துகொள்வாள். பஞ்சாலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இன்னும் சரிபார்க்கிறாளே.

"என்ன பாக்குறே?"

"காது."

"காதுக்கு என்ன?"

"உங்க இடது காது வெளியே துருத்திக்கிட்டு நிக்குது. அவன் தலையோட ஒட்ட எழுதிட்டான்." கொஞ்சம் சிரிப்பு வந்தது அவளுக்கு. "நான் அதைச் சொல்லல. சரி, கட்டுங்க."

கட்டினேன்.

சொல்ல மறந்தாளோ, சொல்லாமல் தனக்கென்று வைத்துக்கொண்டாளோ, அதை மட்டும் நான் கேட்கவில்லை. மற்றதை எல்லாம் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். 'என்ன சொன்னே அவனிடம்?' என்பேன். 'கஞ்சி ஆறுது' என்பாள், வீட்டில் கஞ்சி இல்லாத நாளிலும்.

நீலாவதி ஊருக்குப் போனபின் அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். படம் கறுத்துப்போய் வெடிப்பு விட்டிருக்கிறது. வாய் என் வாய்தான். புருவத்திலிருந்து கன்னத்துக்கு வரும் கோடு என் கோடுதான். அதை லண்டனில் மாட்டினார்களாம், பாரீஸில் மாட்டினார்களாம். எத்தனை படித்தவர்கள் பார்த்திருப்பார்கள்! இடது காது தப்பு என்று ஒருவனும் சொல்லவில்லை.

பஞ்சாலை இருந்தவரைக்கும் விடிகாலையில் அந்தக் காதைப் பிடித்துத் திருகித்தான் என்னை எழுப்புவாள்.